அதீனாவா, ஆண்ட்ரூவா? வளாகம் முழுவதும் கணினி என்ற கனவுக்கு இரண்டு விடைகள்

கல்லூரி ஆய்வகத்தில் எந்தக் கணினி முன் உட்கார்ந்தாலும், பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தவுடன் நம் கோப்புகள் வந்துவிட வேண்டும். இன்றைக்கு இது சாதாரண எதிர்பார்ப்பு. 1980களின் தொடக்கத்தில் அப்படி இல்லை. ஒரு பெரிய இயந்திரம், அதோடு இணைந்த, திரையும் விசைப்பலகையும் மட்டுமுள்ள டெர்மினல்கள், கூட்டம் சேர்ந்தால் திணறும் வேகம்: பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் கணினி என்றால் அதுதான். ஆளுக்கொரு வேகமான கணினி, அத்தனையையும் பிணைக்கும் ஒரே வலையமைப்பு என்ற யோசனையில் அமெரிக்காவின் இரண்டு பல்கலைக்கழகங்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் இறங்கின.

பிட்ஸ்பர்க்கில் கார்னெகி மெலன் 1982 அக்டோபரில் ஐபிஎம்முடன் ஒப்பந்தம் போட்டு ஆண்ட்ரூ திட்டத்தைத் தொடங்கியது. பல்கலைக்கழகத்தின் பெயரிலுள்ள ஆண்ட்ரூ கார்னெகி, ஆண்ட்ரூ மெலன் என்ற இருவருக்கும் பொதுவான பெயர் அது. மாசசூசெட்ஸில் எம்.ஐ.டி. 1983 மே மாதம் டிஜிட்டல் எக்விப்மென்ட், ஐபிஎம் ஆகிய இரு நிறுவனங்களையும் சேர்த்துக்கொண்டு அதீனா திட்டத்தை அறிவித்தது. ஐந்து ஆண்டுத் திட்டமாகத் தொடங்கிய அதீனா, நீட்டிக்கப்பட்டு 1991 ஜூனில்தான் முடிந்தது.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோப்புகளைக் கையாள்வதில் ஆண்ட்ரூ ஒரு தலைமுறை முன்னால் இருந்தது. மற்ற பெரும்பாலானவற்றில் அதீனா கட்டிய விதம்தான் சரி.

தொடங்கிய இடமே வேறு

ஆண்ட்ரூ குழுவுக்குத் தலைமை தாங்கிய ஜேம்ஸ் மாரிஸ், ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வகத்திலிருந்து வந்தவர். தனியாள் கணினி எப்படி இருக்கும் என்பதை அங்கே கண்ணால் பார்த்தவர். ஆகவே ஆண்ட்ரூவின் கனவு இயந்திரம் தெளிவாக வரையறுக்கப்பட்டிருந்தது: ஒரு மெகாபைட் நினைவகம், பத்து லட்சம் பிக்சல் திரை, நொடிக்குப் பத்து லட்சம் கட்டளைகள். மூன்றுமே ‘மெகா’ அளவு என்பதால் ‘மூன்று எம்’ கணினி என்பார்கள். இப்படிப்பட்ட கணினிகள் 5,000க்கு மேல் வளாகத்தில் வரப்போகின்றன என்று வைத்துக்கொண்டே அவர்கள் எல்லாவற்றையும் வடிவமைத்தார்கள்.

அதீனா பாடம் கற்பிப்பதிலிருந்து தொடங்கியது. இளநிலை மாணவர்களின் படிப்புக்குள் கணினியைக் கொண்டுவருவதுதான் இலக்கு. ஆசிரியர்கள் தங்கள் பாடத்துக்கான மென்பொருள் எழுத நிதியும் ஒதுக்கினார்கள். ஆனால் இரண்டு நிறுவனங்களின் வன்பொருள் வந்ததால் ஒரு சிக்கலும் கூடவே வந்தது. டிஜிட்டலின் வாக்ஸ் இயந்திரமும் ஐபிஎம்மின் ஆர்டி கணினியும் உள்ளே முற்றிலும் வேறுபட்டவை. மாணவருக்கு அந்த வேறுபாடு தெரியவே கூடாது. அதனால் இரண்டிலும் பெர்க்லி யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றி, இரண்டிலும் ஒரே மென்பொருள் ஓடும்படி பார்த்துக்கொண்டார்கள். அதீனாவின் பல நல்ல பழக்கங்களுக்கு இந்தக் கட்டாயமே வேர் என்று எனக்குத் தோன்றுகிறது. எந்த ஒரு இயந்திரத்தையும் நம்பி எழுத முடியாத நிலையில், ஒவ்வொரு சேவையையும் தனித்தனியாக, எங்கும் கொண்டுபோகத் தக்கதாக எழுத வேண்டியிருந்தது.

கோப்புகள்: ஆண்ட்ரூவின் பெரிய வெற்றி

ஆண்ட்ரூ கோப்பு முறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அதன் முக்கியச் சிற்பிகளில் ஒருவர் மகாதேவ் சத்தியநாராயணன்; 1975இலும் 1977இலும் சென்னை ஐஐடியில் பட்டங்கள் பெற்று, கார்னெகி மெலனில் முனைவர் பட்டம் முடித்தவர்.

முறை இதுதான். ஒரு கோப்பைத் திறந்தால், அந்தக் கோப்பு முழுவதும், கோப்புகளைச் சேமித்து வைக்கும் மையக் கணினியான சர்வரிலிருந்து உங்கள் கணினியின் வட்டுக்கு வந்துவிடும். அதன்பின் படிப்பதும் எழுதுவதும் உள்ளூரிலேயே நடக்கும். மூடும்போது, மாறியிருந்தால் மட்டும் திரும்பப் போகும். நாம் திறக்கும் கோப்புகள் பெரும்பாலும் சிறியவை, திரும்பத் திரும்பத் திறக்கப்படுபவை, ஒரு நேரத்தில் ஒருவரே மாற்றுபவை. இதைக் கவனித்து எடுத்த முடிவு அது.

முதல் வடிவம் சுமார் 400 பயனர்களோடும் 100 கணினிகளோடும் ஓடியது, சர்வர்களும் மூச்சுவாங்கின. ஏன் என்று அளந்து பார்த்தார்கள். சர்வருக்கு வந்த அழைப்புகளில் ஏறத்தாழ 90 சதவீதம் கோப்பைக் கேட்டு வந்தவையே அல்ல. ‘என்னிடம் உள்ள நகல் இன்னும் சரிதானா?’ என்பது போன்ற விசாரணைகள் அவை. அடுத்த வடிவத்தில் பொறுப்பை அப்படியே புரட்டிப் போட்டார்கள்: கோப்பு மாறினால் நானே கூப்பிட்டுச் சொல்கிறேன், அதுவரை கேட்காதே என்று சர்வர் வாக்குக் கொடுத்தது. இதற்குக் கால்பேக் என்று பெயர். சர்வரின் சுமை சரிந்தது. ஊகிக்காமல் அளந்து, அளந்ததை வைத்து அடிப்படையையே மாற்றிய இந்தத் துணிச்சல் எனக்கு மிகவும் பிடிக்கும்.

அதீனா இங்கே எளிய வழியில் போனது. சன் நிறுவனத்தின் என்எஃப்எஸ் என்ற கோப்புப் பகிர்வு முறையை எடுத்து, தன் பாதுகாப்புக்கு ஏற்ப ஒட்டுப்போட்டது. மாணவர் உள்ளே நுழைந்ததும் அவருடைய கோப்புறை எந்தச் சர்வரில் இருக்கிறது என்று ஹெசியட் என்ற பெயர்ச் சேவையைக் கேட்டு, அதை இணைத்துக்கொள்ளும். வேலை நடந்தது. ஆனால் ஆண்ட்ரூவில் எந்தக் கணினியில் பார்த்தாலும் ஒரே பாதை, ஒரே மரம். பயனருக்குத் தெரியாமலேயே அவர் கோப்புத் தொகுதியை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தலாம். ஒரு கோப்புறையை யார் பார்க்கலாம், யார் சேர்க்கலாம், யார் நீக்கலாம் என்று மாணவரே தனித்தனியாக நிர்ணயிக்கலாம். குறையும் இருந்தது: உள்ளூர் வட்டைவிடப் பெரிய கோப்பைத் திறக்க முடியாது. பின்னர் கோப்பைத் துண்டுகளாகக் கொண்டுவரும் முறை வந்து அது தீர்ந்தது.

யாரை நம்புவது

மாணவர் கையில் இருக்கும் கணினியை நம்பக் கூடாது. இதில் இரண்டு குழுக்களும் ஒத்துப்போயின. பொது அறையில் இருக்கும் இயந்திரத்தின் நிர்வாகக் கடவுச்சொல் எப்படியும் வெளியே போய்விடும். அதீனாவில் அது மாணவர்களிடையே ரகசியமாகவே இருக்கவில்லை. ஆண்ட்ரூ தன் கோப்பு முறைக்குள்ளேயே அடையாளச் சோதனையையும் மறையாக்கத்தையும் வைத்துத் தைத்தது. அதீனா அதைத் தனிச் சேவையாகப் பிரித்து எடுத்தது. அதுதான் கெர்பரோஸ்.

ஸ்டீவ் மில்லரும் கிளிஃபர்ட் நியூமனும் முதன்மையாக வடிவமைத்த இந்த முறையில் கடவுச்சொல் வலையமைப்பில் பயணம் செய்வதே இல்லை. நீங்கள் பெயரை மட்டும் அனுப்புகிறீர்கள். நம்பகமான சர்வர் ஒரு டிக்கெட்டை, உங்கள் கடவுச்சொல்லிலிருந்து உருவான சாவியால் பூட்டி அனுப்புகிறது. சரியான கடவுச்சொல்லைத் தட்டினால்தான் அது திறக்கும். அப்புறம் அஞ்சல், கோப்பு, அச்சு என எந்தச் சேவைக்கும் அந்த டிக்கெட்டைக் காட்டி மேலும் டிக்கெட்டுகள் பெறலாம். சில மணி நேரத்தில் அவை காலாவதியாகிவிடும். தனிச் சேவையாக இருந்ததால் எவரும் அதை எடுத்துத் தங்கள் அமைப்பில் பொருத்த முடிந்தது. விண்டோஸ் 2000 வந்தபோது மைக்ரோசாஃப்ட் எடுத்துக்கொண்டதும் கெர்பரோஸின் ஐந்தாம் பதிப்பைத்தான். பாதுகாப்பில் அதீனாவுக்கே என் ஓட்டு.

திரையும் உரிமமும்

திரையில் பல சாளரங்களைத் திறந்து காட்டும் மென்பொருளில் ஆண்ட்ரூதான் முந்திக்கொண்டது. ஜேம்ஸ் காஸ்லிங்கும் டேவிட் ரோசன்தாலும் அங்கே டபிள்யூஎம் என்ற சாளர மேலாளரை எழுதினார்கள். (அதே காஸ்லிங்தான் பின்னாளில் ஜாவா நிரல்மொழியை உருவாக்கியவர்.) எம்.ஐ.டி.யில் பாப் ஷைஃப்ளரும் ஜிம் கெட்டிஸும் 1984இல் எக்ஸ் விண்டோவைத் தொடங்கினார்கள். நிரல் ஒரு கணினியில் ஓட, சாளரம் இன்னொரு கணினியின் திரையில் தெரியும்.

எக்ஸ் பரவியதற்குத் தொழில்நுட்பத்தைவிட உரிமமே பெரிய காரணம் என்பேன். எம்.ஐ.டி. அதை யாரும் எடுத்து மாற்றி விற்கக்கூடிய வகையில் கொடுத்துவிட்டது. 1987 செப்டம்பரில் பதினோராம் பதிப்பு வந்தபோது, போட்டி நிறுவனங்களெல்லாம் அதன் பின்னால் நின்றன. ஆண்ட்ரூ கோப்பு முறையோ 1989இல் டிரான்ஸ்ஆர்க் என்ற நிறுவனத்தின் விற்பனைப் பொருளானது. பிறகு ஐபிஎம் கைக்குப் போய், 2000இல்தான் ஓப்பன்ஏஎஃப்எஸ் என்று திறந்த மூலமாக வெளிவந்தது. பதினோரு ஆண்டுத் தாமதம். இவ்வளவு நல்ல அமைப்பைக் காசு கட்டி வாங்க முடியாத கல்லூரிகள் என்எஃப்எஸ்ஸோடு காலம் தள்ளின. இந்தக் கதையில் எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் இடம் இது.

செய்திகள்

அதீனாவின் ஸெஃபிர், உடனடிச் செய்தி அனுப்பும் சேவை. சர்வர் நிற்கப்போகிறது என்ற அறிவிப்புக்காகப் பிறந்து, மாணவர்கள் அரட்டையடிக்கும் இடமாக வளர்ந்தது. ஆண்ட்ரூவின் அஞ்சல் அமைப்பு இன்னும் தூரம் போனது: 1980களிலேயே எழுத்தோடு படமும் அசைபடமும் சேர்த்து அஞ்சல் அனுப்ப முடிந்தது. ஆனால் பெறுபவரிடமும் ஆண்ட்ரூ இருந்தால்தான் அதெல்லாம் தெரியும். அதைக் கட்டியவர்களில் ஒருவரான நதானியேல் போரன்ஸ்டீன், பெல்கோர் நிறுவனத்துக்குப் போன பின் நெட் ஃப்ரீடோடு சேர்ந்து, எந்த அஞ்சல் மென்பொருளுக்கும் பொதுவாகப் படம் போன்றவற்றை அனுப்பும் விதிமுறையான மைம் தரத்தை 1992இல் எழுதினார். இன்று நாம் மின்னஞ்சலில் இணைக்கும் ஒவ்வொரு படமும் அந்தத் தரத்தின்படியே போகிறது.

சரி, கடைசியில் எது நிலைத்தது? எம்.ஐ.டி. தன் மாணவர்களின் கோப்புறைகளை ஆண்ட்ரூ கோப்பு முறைக்கு மாற்றிக்கொண்டது. ஆண்ட்ரூ கோப்பு முறை, பயனரின் அடையாளத்தைச் சரிபார்க்க கெர்பரோஸை எடுத்துக்கொண்டது. ஆண்ட்ரூவின் சாளர நிரல்கள் எக்ஸுக்கு மாறின.