எல் நினோவா, வட அட்லாண்டிக் அலைவா?

குளிர்காலப் பெருமழை என்றதும் பலரும் எல் நினோவைத்தான் சொல்வார்கள். நடு, கிழக்குப் பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாவதுதான் எல் நினோ. அப்போது ஜெட் காற்றோட்டம் (வானில் மிக உயரத்தில் வேகமாக வீசும் காற்று) தெற்கே இறங்கி, புயல்களைக் கலிபோர்னியா பக்கம் திருப்பிவிடும். 1997-98இல் அப்படித்தான் கொட்டித் தீர்த்தது. மாதக்கணக்கில் முன்பே தெரிந்துவிடுவது இதன் பெரிய பலம். ஆனால் உறுதி கிடையாது: 2015-16இல் எல் நினோ அவ்வளவு வலுவாக இருந்தும் தெற்குக் கலிபோர்னியாவில் எதிர்பார்த்த மழை வரவில்லை.

வட அட்லாண்டிக் அலைவு வேறு மாதிரி. ஐஸ்லாந்துக்கும், போர்ச்சுகலுக்கு மேற்கே அட்லாண்டிக்கில் உள்ள அசோர்ஸ் தீவுகளுக்கும் இடையிலான காற்றழுத்த வேறுபாடு அது. கூடினால் வட ஐரோப்பாவில் மழை. குறைந்தால், 2009-10 போல, ஸ்பெயின், போர்ச்சுகல் நனையும். சில வாரங்களிலேயே மாறிவிடும், கணிப்பது கடினம். இருந்தாலும் ஐரோப்பாவின் குளிர்கால மழைக்கு நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.