கார் கதவு பூட்டவில்லையா? "மோட்டார் போச்சு" என்றால் கொஞ்சம் நில்லுங்கள்

ரிமோட்டை அழுத்தினால் ஒரு கதவு மட்டும் பூட்டவில்லை என்று கடைக்குப் போகிறீர்கள். கதவின் உள்பக்க மூடியான டோர் பேடைக் கழற்றாமல், கரண்ட் சோதிக்கும் மீட்டர் வைக்காமல், "லாக் மோட்டார் போச்சு சார், அசெம்பிளியே மாத்தணும்" என்று ஒருவர் சொன்னால் சாவியைக் கொடுக்காதீர்கள். சென்னையில் ஒரு கார் அக்செசரீஸ் கடையில் இதே வசனத்துக்கு நான் 9,400 ரூபாய் கொடுத்தேன். என் மோட்டாருக்கு ஒன்றுமே ஆகவில்லை என்பது பிறகு தெரிந்தது.

வண்டி பத்து வயதைத் தாண்டிய ஹேட்ச்பேக். சென்ட்ரல் லாக் கம்பெனியிலேயே வந்தது. ரிமோட்டுக்கு மற்ற மூன்று கதவும் 'டப்'பென்று பூட்டும், டிரைவர் பக்கக் கதவு மட்டும் அசையாது. சாவி போட்டுத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். சில நாள் எல்லாம் சரியாக இருக்கும். முக்கியமாக, கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு அழுத்தினால் பெரும்பாலும் வேலை செய்யும். இதைக் கடையில் தெளிவாகச் சொன்னேன், ஒரு தடவை செய்தும் காட்டினேன்.

"மோட்டார் வீக் சார். அதான் ஒரு நேரம் இழுக்குது, ஒரு நேரம் இழுக்கல." மோட்டாரை மட்டும் மாற்ற முடியாதா என்றதற்கு, "அது லாக்கோட சேர்ந்துதான் வரும்" என்றார். இது முழுப் பொய்யும் இல்லை. இப்போதைய பல கார்களில் மோட்டார் பூட்டுப் பெட்டிக்குள்ளேயேதான் இருக்கிறது. பெட்டியைப் பிரித்து மோட்டாரை மட்டும் மாற்றித் தருகிற ஆட்களும் இருக்கிறார்கள், ஆனால் அது பொறுமை வேண்டிய வேலை.

மாலையில் வண்டி எடுக்கப் போனபோது கையில் ஒரு துண்டுச்சீட்டு: லாக் அசெம்பிளி 6,200, லேபர் 1,800, ரிமோட் கோடிங் 1,400. ஜிஎஸ்டி பில் கேட்டதும், "பில் போட்டா 18 பர்சென்ட் ஏறும் சார், உங்களுக்குத்தான் நஷ்டம்" என்று என் மேல் அக்கறை காட்டினார்கள். பழைய பார்ட்டைக் கேட்டேன். கிரீஸ் அப்பிய ஒரு பூட்டைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார்கள். கதவு பூட்டியது. சரி என்று வந்துவிட்டேன்.

அப்புறம் வடகிழக்குப் பருவமழை ஆரம்பித்தது. ஒரு ராத்திரி மழைக்குப் பிறகு டிரைவர் காலடியில் கார்ப்பெட் சொதசொதவென்று நனைந்திருந்தது. கண்ணாடி சரியாக ஏற்றவில்லை என்று நினைத்துத் துடைத்துக் காயவைத்தேன். அடுத்த மழைக்கும் அதே கதை, உள்ளே பூஞ்சை வாடை வேறு. இதற்கு நடுவில் புது லாக்கும் மக்கர் செய்தது. அழுத்தினால் 'க்ர்ர்' என்று சத்தம் வரும், குமிழ் பாதி இறங்கி நின்றுவிடும். கடைக்குப் போன் செய்தால், "இந்த வாரம் ஃபுல் சார், அடுத்த வாரம் கூப்பிடுங்க."

கூப்பிடவில்லை. சென்னையில் வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டையில் வெகுகாலம் வேலை பார்த்துவிட்டு இப்போது எங்கள் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோனேன். அவர் டோர் பேடைக் கழற்றியதும் முதலில் சிரித்தார். "தம்பி, இங்க வந்து பாரு, உன் லாக் உள்ளயே குத்துக்கல்லாட்டம் இருக்கு."

கம்பெனி பூட்டு அப்படியே இருந்தது. அதற்கு வயரை இணைக்கும் கப்ளரை மட்டும் உருவி விட்டிருந்தார்கள். பக்கத்தில் கதவுத் தகட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டு, எந்தக் காருக்கும் பொருத்தலாம் என்று கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற இரண்டு வயர் மோட்டார் ஒன்றைத் திருகி, அதன் கம்பியைப் பழைய பூட்டின் கம்பியோடு ஒரு கிளாம்ப்பால் இறுக்கியிருந்தார்கள். இந்தக் குட்டி மோட்டார் பூட்டை மட்டும் இழுக்கவில்லை, கரண்ட் இல்லாமல் கிடக்கும் பழைய மோட்டாரின் பல்சக்கரத்தையும் சேர்த்தே இழுத்துக்கொண்டிருந்தது. கிளாம்ப் வழுக்கி, கம்பி நகர்ந்திருந்தது. 'க்ர்ர்' சத்தம் அதுதான்.

தண்ணீர் வந்த கதையும் அங்கேயே தெரிந்தது. மழை பெய்யும்போது கண்ணாடி ஓரமாகக் கொஞ்சம் தண்ணீர் கதவுக்குள் இறங்குவது சகஜம். கதவின் அடியில் உள்ள சிறு துளைகள் வழியாக அது வெளியே போய்விடும். உள்ளே வராமல் தடுப்பது டோர் பேடுக்குப் பின்னால் கறுப்புப் பசையால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட். என் கதவில் அந்த ஷீட்டை பிளேடால் கிழித்துவிட்டு, திரும்ப ஒட்டாமல் தொங்க விட்டிருந்தார்கள். கதவைப் பிரிக்கிற எந்த வேலைக்கும் இது பொருந்தும், ஸ்பீக்கர் மாற்றினாலும் சரி. ஷீட் திரும்ப ஒட்டப்பட்டதா என்று பேடை மூடுவதற்கு முன்னால் பார்த்துவிடுங்கள்.

கழற்றிக் கொடுத்த அந்தப் பழைய பூட்டு? எலக்ட்ரீஷியன் அண்ணன் கிரீஸைத் துடைத்துக் காட்டினார். அதில் 'எல்எச்' என்று அச்சு இருந்தது. இடப்பக்கக் கதவின் பூட்டு. நம் ஊரில் டிரைவர் உட்காருவது வலப்பக்கம்! எந்தக் காரிலிருந்து கழன்றதோ, எத்தனை பேர் கைக்குப் போய் வந்ததோ.

அப்படியானால் உண்மையான கோளாறு எது? கதவுக்கும் பாடிக்கும் நடுவே, கீல் பக்கத்தில் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் இருக்கும். கதவுக்குப் போகிற எல்லா வயரும் அதற்குள்தான் போகின்றன. கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அவை வளைகின்றன. அதிகம் திறக்கப்படுவது டிரைவர் கதவு என்பதால் வருஷக்கணக்கில் வளைந்து அங்கே ஒரு வயர் ஒடிவது மிகச் சாதாரணமான பழுது. என் வண்டியில் மோட்டாருக்குப் போகும் இரண்டு வயரில் ஒன்று, மேல் உறை முழுசாக இருக்க, உள்ளே செம்பு மட்டும் ஒடிந்திருந்தது. கதவு பாதி திறந்திருந்தால் இரண்டு முனையும் தொட்டுக்கொள்ளும், மூடினால் விலகும். கம்பெனி மோட்டாருக்கு நேரடியாக ஒரு நொடி 12 வோல்ட் கொடுத்தார் அண்ணன். 'டப்'. பிளஸ், மைனஸை மாற்றிக் கொடுத்தார். மறுபடி 'டப்'. பத்து வருஷ மோட்டார் என்று சொல்லவே முடியாது.

எனக்குக் கோபம் வந்தது இதற்கு அடுத்த விஷயத்தில்தான். ஒடிந்த வயர் வழியாகப் புது மோட்டாரும் ஓடாது. அதனால் கடைக்காரர்கள் ரப்பர் குழாயை விட்டுவிட்டு, கதவு இடுக்கு வழியாகத் தனியாக இரண்டு வயர் இழுத்து, கதவோர ரப்பர் பீடிங்குக்கு அடியில் மறைத்து, டேஷ்போர்டுக்குக் கீழே டேப் சுற்றி இணைத்திருந்தார்கள். அதாவது ஒடிந்தது வயர்தான் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் மாற்றாத அசெம்பிளிக்குக் காசு வாங்கியிருக்கிறார்கள். அறியாமையில் நடந்த தவறு என்று இதை விட்டுவிட முடியாது. அந்த வயரும் கதவு மூடும்போதெல்லாம் நசுங்கி, உறை தேய்ந்து போயிருந்தது. தகட்டில் பட்டு ஷார்ட் ஆகியிருந்தால் பூட்டுகளை இயக்கும் கன்ட்ரோல் யூனிட்டுக்கே சேதம் வந்திருக்கலாம்.

ரிமோட் கோடிங் 1,400 இன்னொரு கூத்து. ரிமோட்டை வண்டியோடு இணைப்பதுதான் கோடிங். ரிமோட் பேசுவது கன்ட்ரோல் யூனிட்டோடு. கதவு மோட்டாரை மாற்றினால் கோடிங்குக்கு அங்கே வேலையே இல்லை. பில்லில் இந்த வரியைப் பார்த்தாலே உஷாராகிவிடுங்கள்.

நீங்களே ஓரளவு கணிக்கலாம். மோட்டார் நிஜமாகவே தேய்ந்தால் முதலில் மந்தமாக இழுக்கும், இரண்டாவது அழுத்தலுக்குப் பூட்டும். பல்சக்கரம் உடைந்தால் மோட்டார் சுற்றும் சத்தம் வரும், குமிழ் நகராது. கதவின் கோணத்தைப் பொறுத்து ஒரு நேரம் வேலை செய்து, மற்ற நேரம் சத்தமே வராமல் கிடந்தால் ரப்பர் குழாயைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பூட்டுவதற்கும் திறப்பதற்கும் அதே இரண்டு வயரில்தான் கரண்ட் திசை மாறி ஓடுகிறது, அதனால் ஒன்று ஒடிந்தால் இரண்டுமே நின்றுவிடும். கரண்ட் வந்தால் எரியும் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், சில நிமிட வேலை. மறுக்கிற கடையில் வண்டியை விடாதீர்கள்.

அண்ணன் வயரைச் சேர்த்து சால்டர் வைத்து, கம்பெனி கப்ளரை மாட்டி, ஷீட்டை ஒட்டி, தகட்டு ஓட்டைகளில் துருப்பிடிக்காமல் பெயின்ட் தொட்டு அடைத்துக் கொடுத்தார். 700 ரூபாய் வாங்கினார்.

கடைக்குப் போய்க் கேட்டேன். "வேற ஆள் கதவைப் பிரிச்சிட்டாரு, இனிமே நாங்க பொறுப்பில்ல சார்." கதவைப் பிரித்ததிலிருந்து எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுத்து வைத்திருந்தேன். காட்டியதும் முதலாளி உள்ளே போய்விட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் தமிழிலேயே புகார் பதிந்தேன். அதற்குப் பிறகு கடையிலிருந்து அவர்களே கூப்பிட்டு கோடிங் காசு 1,400-ஐ மட்டும் அனுப்பினார்கள்.

மீதி 8,000-க்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயார் செய்துகொண்டிருக்கிறேன். 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட்டால் போதும். பில் தர மறுப்பதையே 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. அதனால் துண்டுச்சீட்டுதானே என்று தூக்கிப் போடாமல், பணம் அனுப்பிய ரசீதோடு சேர்த்து அதையும் மனுவில் வைக்கிறேன்.