டியூபுலரா, லித்தியமா: ஏலத்தோட்ட வீட்டுக்கு எது?
போடிமெட்டு, குமுளிப் பக்கம் தோட்ட வீட்டுக்கு சோலார் போட்டால், எந்த பேட்டரி என்பதைத் தீர்மானிப்பது ஆனி, ஆடி மழைதான். 12 வோல்ட் 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி) டியூபுலரில், அதாவது தண்ணீர் ஊற்றும் ஈய-அமில பேட்டரியில், பாதியளவே எடுக்கலாம். சுமார் 900 வாட்-மணி. 100 ஏ.எச். லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில் 80 சதவீதம் எடுத்தாலே 1,000 தாண்டும். வெயிலில்லாத வாரங்களில் டியூபுலர் அரைச் சார்ஜிலேயே கிடந்து, தகட்டில் சல்பேட் படிந்து கெட்டுப்போகும். லித்தியம் அதைப் பொருட்படுத்தாது. ஆனால் பழைய இன்வெர்ட்டரின் ஈக்வலைஸ் சார்ஜ் (ஈய பேட்டரிக்கு அவ்வப்போது கொடுக்கும் கூடுதல் வோல்ட் சார்ஜ்) 15 வோல்ட்டைத் தாண்டினால், லித்தியத்துக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்றான பி.எம்.எஸ். துண்டித்துவிடும். ஈக்வலைசை அணைத்து, சார்ஜை 14.2 வோல்ட்டில் நிறுத்துங்கள். பாசிட்டிவ் முனையருகே பியூஸ் கட்டாயம்.

கையில் காசு குறைவு, மாதாமாதம் மட்டம் பார்த்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற ஆளுண்டு என்றால் டியூபுலரே போதும். படுக்கையறையில் மட்டும் வைக்காதீர்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியேறும்.