எஞ்சினைக் கழற்றிக் கொடுக்கும் முன் இதை வாசியுங்கள்: 485,000 ரூபாவும் போய் அப்பாவின் எஞ்சினும் போயிற்று

இரண்டு இரவாகத் தூக்கமில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். பழைய ஃபோக்ஸ்வேகன் ஆமைக் கார் வைத்திருப்பவர்களும், அதைத் திருத்தி ஓட நினைப்பவர்களும் தயவுசெய்து முழுவதும் வாசியுங்கள். என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

எங்கள் கார் 1966ஆம் ஆண்டு 1300, அதாவது 1300 சி.சி. எஞ்சின். பழைய ஸ்ரீ எழுத்து நம்பர் தகடு. அப்பா 1979இல் வாங்கினார். பின் சீட்டுக்குப் பின்னால் சாமான் வைக்கிற ஒரு குழி இருக்கும். சின்ன வயதில் நான் அதற்குள் படுத்துக்கொண்டுதான் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போவேன். எஞ்சின் அதற்கு நேர் பின்னால். அந்தச் சத்தத்தில் தூங்கி வளர்ந்தவன் நான். அப்பா போன பிறகு கார் என்னிடம் வந்தது.

வயதுக்கு ஏற்ற நோய்தான் அதற்கு. கிராங்க் புல்லியை, அதாவது பெல்ட் ஓடுகிற சக்கரத்தை, பிடித்து முன்னும் பின்னும் இழுத்தால் டக் டக் என்று அசையும். சூடானதும் ஓயில் லைட் மினுங்கும். இந்த எஞ்சினில் ரேடியேட்டரும் இல்லை, ஓயில் ஃபில்டரும் இல்லை. உள்ளே ஒரு வலை மட்டும்தான். இரண்டரை லீற்றர் ஓயிலும் காற்றும்தான் அதைக் காப்பாற்றுகின்றன. கேஸ், அதாவது எஞ்சினின் வெளிக்கூடு, மக்னீசியம் கலந்த உலோகம், ஓட ஓட பேரிங் உட்காருகிற இடம் தேய்ந்துவிடும். ஆகவே முழுதாகப் பிரித்துச் செய்வது என்று முடிவெடுத்தேன்.

கொழும்புக்கு வெளியே, பழைய கார்களை மட்டும் செய்வதாகச் சொல்லும் ஒரு கராஜ். பெயரைப் போடவில்லை, முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து பழைய கார்களின் விலை ஏறி, இந்த மாதிரி இடங்களுக்கும் கூட்டம் சேர்ந்தது. முகநூலில் அவர்களுடைய படங்களைப் பார்த்துத்தான் போனேன்.

முதலாளிக்கு ஐம்பது வயதிருக்கும். தேநீர் வரவழைத்தார். பின் மூடியைத் திறந்து, டைனமோத் தாங்கியின் கீழே எஞ்சின் நம்பர் இருக்கிற இடத்தைத் தன் கைத் துணியாலேயே துடைத்தார். எஃப் எழுத்தில் தொடங்கும் நம்பர். என்னிடம் காரின் பதிவுப் புத்தகத்தை வாங்கி எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தார். "தம்பி, புத்தகமும் எஞ்சினும் ஒத்துப்போற கார் இப்ப எத்தினை இருக்கு? இதைக் கவனமா வைச்சிருங்கோ. உங்கட அப்பாவின்ர கார் எண்டா எனக்கும் அப்பிடித்தான்" என்றார். நம்பருக்குக் கீழே சென்டர் பஞ்சால் அடித்த மூன்று புள்ளிகள் இருந்தன. என்ன என்று கேட்டார். எஞ்சின் மாறிவிடக் கூடாது என்று அப்பா அடித்த அடையாளம் என்று சொன்னேன். தலையை ஆட்டினார்.

அந்த இடத்தில்தான் நான் அவரை நம்பினேன். என் எஞ்சினின் பெறுமதியை என்னை விட நன்றாக அறிந்த ஒருவர் அதற்குக் கெடுதல் செய்ய மாட்டார் என்று நினைத்தேன். எடுத்துவிட வேண்டும் என்பதற்காகவே அந்தப் பெறுமதியைப் பார்த்தார் என்பது இப்போதுதான் புரிகிறது.

கேஸில் தேய்ந்த பேரிங் இடங்களை நேராகக் கடைவது (லைன் போர்), அதற்கேற்ற ஓவர்சைஸ் பேரிங் போடுவது, கேஸின் வாயைக் கடைந்து 85.5 மில்லிமீற்றர் பிஸ்டன், பெரல் (சிலிண்டர்) இறக்கி 1600 ஆக்குவது, 6 வோல்ட்டை 12 வோல்ட்டாக மாற்றுவது என்று பேச்சு. ஐந்து வாரம் என்றார், ஏழு மாதம் ஆயிற்று. முதலில் 250,000. பிறகு "பெரல் செட் கஸ்டம்ஸில் நிக்குது" என்று 150,000. கார் எடுக்கிற அன்று 85,000. மொத்தம் 485,000 ரூபா. கையால் எழுதிய பில்லில் "85.5 செட்" என்று தெளிவாக இருக்கிறது. எஞ்சின் கறுப்புப் பெயின்ட்டில் பளபளத்தது. நம்பர் இருக்கிற இடத்திலும் பெயின்ட் தடிப்பாக இருந்தது. நான் குனிந்து பார்க்கவில்லை.

மூன்று கிழமைக்குப் பிறகு குடும்பத்தோடு கண்டிக்குப் புறப்பட்டோம். மாவனெல்லை தாண்டிக் கடுகண்ணாவை ஏற்றத்தில், அப்பா மூன்றாம் கியரில் ஏற்றுகிற கார் இரண்டாம் கியரிலும் முக்கியது. 1600 எஞ்சின் இப்படி முக்காது. ஓயில் எரிகிற வாசனை உள்ளே வந்தது. பிள்ளை இருமத் தொடங்கினாள். பிலிமத்தலாவையில் ஒரு பழைய கராஜில் நிறுத்தினேன்.

அங்கே இருந்த நானாவுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். முதலில் கேட்டது, "மகன், கீழ்த் தகரம் எங்கே?" என்றுதான். சிலிண்டர்களுக்குக் கீழே காற்றைத் திருப்புகிற தகரங்கள் இல்லை, தெர்மோஸ்டாட்டும் இல்லை. எஞ்சின் அறையைச் சுற்றியுள்ள ரப்பரும் பாதி இல்லை, கீழே போன சூட்டுக் காற்றையே விசிறி திரும்ப இழுக்கிறது. அப்புறம் புத்தகத்தைக் கேட்டார். ஸ்க்ரூ டிரைவர் நுனியால் கறுப்புப் பெயின்ட்டைச் சுரண்டினார். எஃப் வரவில்லை. டி வந்தது. 1200 எஞ்சினின் எழுத்து அது. நான் நகத்தால் இன்னும் சுரண்டினேன். மூன்று புள்ளியும் இல்லை.

எஞ்சினை இறக்கி ஒரு பக்க சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, சிலிண்டரின் விட்டத்தை வேர்னியர் அளவுகோலால் அளந்தார். 77 மில்லிமீற்றர். கிராங்க்கைச் சுற்றி பிஸ்டன் ஓடுகிற தூரத்தை அளந்தார். 64. இரண்டையும் தன் கராஜ் சுவரில் சோக்கட்டியால் எழுதிக் கணக்குப் போட்டு 1192 சி.சி. என்று காட்டினார். நான் காசு கொடுத்தது 1584க்கு. அப்பா விட்டுப்போனது 1285. கையில் இருப்பது யாரோ கழித்துப்போட்ட 1200. அன்று அவர் என்னிடம் ஒரு சதமும் வாங்கவில்லை.

கொழும்புக்கு வந்து அந்தக் கராஜ் முதலாளியை அழைத்தேன். முதல் பதில்: "அப்பிடி இருக்காது தம்பி, மற்ற பாஸ்மார் பொறாமையில சொல்லுவினம்." பெயின்ட் சுரண்டிய படத்தை அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து: "உங்கட கேஸ் வெடிச்சிருந்தது, அதுதான் மாத்தினது, சொன்னனே." சொல்லவில்லை. ஏழு மாத வட்ஸ்அப் உரையாடல் முழுவதும் என்னிடம் இருக்கிறது, அப்படி ஒரு வரி இல்லை. சரி, வெடித்த கேஸைத் தாருங்கள் என்றேன். "பழைய இரும்புக்காரனுக்குப் போட்டாச்சு." 85.5 செட் எங்கே? "பெட்டி மாறியிருக்கும், பொடியனைக் கேட்டுச் சொல்லுறன்." நேரில் போனேன். முதலாளி வெளியே போய்விட்டாராம். இரண்டு மணி நேரம் படியில் உட்கார்ந்திருந்தேன். அவருடைய வாகனம் உள்ளே நின்றது. அந்த இரவே என் தொலைபேசி நம்பரை முடக்கிவிட்டார்.

485,000 ரூபா. என் நாலு மாதச் சம்பளத்துக்கு மேல். காசை விடுங்கள், இப்போது புத்தகத்தில் ஒரு நம்பர், காரில் ஒரு நம்பர். இதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் நேராக்கும் வரை றோட்டில் எடுக்க எனக்குத் துணிவில்லை. விற்கவும் முடியாது. பொலிஸில் முறைப்பாடு கொடுத்தாயிற்று, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கான கடிதம் மேசையில் பாதியில் கிடக்கிறது.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், அந்தக் கடிதத்தை இன்று அனுப்ப வேண்டியிருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். எஞ்சினைக் கொடுக்கும் முன் நம்பர் தெரிகிற மாதிரிப் படமெடுத்து, அதையே பில்லில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கழற்றிய பழைய சாமான் அத்தனையும் திருப்பிக் கேளுங்கள், வெடித்த கேஸாக இருந்தாலும். புதுப் பிஸ்டனைப் பூட்டுகிற அன்று நீங்களே பக்கத்தில் நின்று வேர்னியர் வைத்துப் பாருங்கள். தகரங்களை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். நம்பர் மேல் பெயின்ட் இருந்தால் மிச்சக் காசைக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளிலோ வேறெங்கேயோ எஃப் எழுத்தில் தொடங்கும் ஒரு 1300 கேஸ் விலைக்கு வந்தால், நம்பருக்குக் கீழே கொஞ்சம் துடைத்துப் பாருங்கள். ஒரே வரிசையில் மூன்று புள்ளி, நடுப்புள்ளி மட்டும் கொஞ்சம் ஆழமாக இருக்கும். இருந்தால் வாங்காமல் எனக்குச் சொல்லுங்கள். எந்த நேரமானாலும் வருவேன்.