திரும்புமா, புதிதாகப் பிறந்ததா: எந்தக் கேள்வி கைகொடுக்கும்?

இயற்பியல் மாற்றத்தையும் வேதியியல் மாற்றத்தையும் பிரித்தறிய இரண்டு கேள்விகள் புழக்கத்தில் இருக்கின்றன. "பழைய நிலைக்குத் திரும்புமா?" என்பது ஒன்று; திரும்பினால் இயற்பியல் மாற்றம், திரும்பாவிட்டால் வேதியியல் மாற்றம். "புதிய பொருள் உண்டானதா?" என்பது மற்றொன்று; உண்டானால் வேதியியல் மாற்றம், இல்லாவிட்டால் இயற்பியல் மாற்றம். ஏழாம் வகுப்புப் படிக்கும் மகளுக்குச் சொல்லிக்கொடுக்க இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. நான் பிடித்தது இரண்டாவதை.

முதல் கேள்விக்குரிய மரியாதையைக் கொடுத்துவிடலாம். பனிக்கட்டி, மெழுகு, எரிந்த காகிதம், உறை ஊற்றிய பால் என்று வழக்கமாக அடுக்கப்படும் எதிலும் அது சறுக்காது. பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும், மதிப்பெண்ணும் விழும்.

அது சறுக்கும் இடம் காங்கேயத்துப் பக்கத்துச் செக்கு. கொப்பரையை ஆட்டினால் எண்ணெய் ஒரு பக்கம், புண்ணாக்கு ஒரு பக்கம். இரண்டையும் சேர்த்து எவ்வளவு பிசைந்தாலும் கொப்பரை வராது. எனவே வேதியியல் மாற்றம் என்று முதல் கேள்வி தீர்ப்பெழுதிவிடும். ஆனால் அந்த எண்ணெய் கொப்பரைக்குள் முன்பே இருந்ததுதான்; செக்கு அதைப் பிழிந்து வெளியே எடுத்தது, அவ்வளவே. நெல் அரிசியாவதும் பஞ்சு நூலாவதும் இதே கதை. அந்த எண்ணெய் மார்கழிக் குளிரில் உறைந்து வெயிலில் உருகும்போது இரு கேள்விகளும் ஒத்துப்போகின்றன. மாதக்கணக்கில் திறந்து கிடந்து காறல் வாடை அடித்தால்தான் வேதியியல் மாற்றம். காற்றும் ஈரமும் கொழுப்பைச் சிதைத்துப் புதிய பொருள்களை உண்டாக்கியிருக்கும்.

என்னை முடிவெடுக்க வைத்தது எதிர்ப்பக்கச் சறுக்கல். மஞ்சளுக்குப் புவிசார் குறியீடே (2019) வாங்கிய ஈரோட்டுச் சீமையில் ஆரத்தி கரைப்பதைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். தட்டில் மஞ்சள் நீர். விரல்நுனியில் சுண்ணாம்பை எடுத்துக் கலக்கினால், முதலில் விரல் போன தடம் மட்டும் சிவக்கும். பிறகு தட்டு முழுவதும். மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் என்ற பொருள் சுண்ணாம்பின் காரத்தோடு (புளிப்பை முறிக்கும் தன்மையோடு) வினைபுரிவதால் வரும் சிவப்பு அது, ஐயமில்லாத வேதியியல் மாற்றம். இப்போது அதில் எலுமிச்சையைப் பிழியுங்கள், சுண்ணாம்பின் காரம் அடங்கும் வரை. மஞ்சள் நிறம் திரும்பிவிடும். உடனே பிழிய வேண்டும். காரத்தில் நெடுநேரம் கிடந்தால் குர்குமினே சிதைந்துபோகும், நிறம் முழுதாக மீளாது. குழம்பு சிந்திய வேட்டியில் சோப்புப் போட்டதும் கறை சிவந்து, நன்றாக அலசியதும் மறுபடி மஞ்சளாவதும் இதனால்தான். திரும்பிவிட்டதே, இயற்பியல் மாற்றம்தான் என்று முதல் கேள்வி இங்கே சாதிக்கும். இன்வெர்ட்டர் பேட்டரியிலும் அதற்குத் தோல்விதான்: மின்சாரம் கொடுக்கும்போது தகடுகளில் ஈய சல்பேட் உண்டாகிறது, சார்ஜ் ஏற்றினால் பழையபடி மாறுகிறது. அத்தனையும் வேதிவினை.

இரண்டாம் கேள்வியிலும் ஒரு தொல்லை உண்டு. புதிய பொருள் பிறந்ததா என்பது கண்ணுக்கு நேராகத் தெரியாது. நிறம், குமிழி, சூடு, வாடை என்று துப்புத் துலக்க வேண்டும். துப்பும் ஏமாற்றும். கொதிக்கும் நீரில் எழும் குமிழி வெறும் நீராவி. சமையல் சோடாவில் எலுமிச்சையைப் பிழிந்தால் எழுவதோ புதிதாக உண்டான கார்பன் டை ஆக்சைடு. பார்வைக்கு இரண்டும் குமிழிதான்.

கவுந்தப்பாடிப் பக்கம் கரும்புச் சாறு காய்ச்சும் அடுப்படியில் இந்தக் கேள்வியும் திணறுகிறது. நான் காய்ச்சியவன் அல்லன், பக்கத்தில் நின்று பார்த்தவன். பதம் பற்றி அவர்களிடம்தான் கேட்க வேண்டும். நீர் ஆவியாகிச் சாறு சுண்டுவது இயற்பியல் மாற்றம், சர்க்கரை சாற்றிலேயே இருந்ததால். சுண்ணாம்பு போட்டுப் புளிப்பை முறிப்பதும், பாகு பழுப்பேறி மணப்பதும் வேதியியல் மாற்றம். எல்லாம் ஒரே அடுப்பில், ஒரே நேரத்தில். தேர்வில் ஒரு மதிப்பெண்ணுக்கு இதைக் கேட்டால், எந்தக் கட்டத்தைக் கேட்கிறார்கள் என்று பார்த்துத்தான் எழுத வேண்டும்: சாறு சுண்டுவதையா, நிறம் ஏறுவதையா.