நீர்க்கடுப்பும் எஸ்ட்ரியால் க்ரீமும்: சில ஆண்டு அனுபவம்

மாதவிலக்கு நின்ற பிறகு நீர்க்கடுப்பு வந்தால் "உடம்புச் சூடு" என்றுதான் நம் வீடுகளில் சொல்வார்கள். நீர்மோர், பார்லித் தண்ணீர், ஊறவைத்த வெந்தயம் எல்லாம் எனக்கும் வந்து சேர்ந்தன. எரிச்சல் அடங்கவில்லை. சிறுநீர்ப் பரிசோதனையில் சில முறை கிருமி இருந்தது, சில முறை ஒன்றுமே இல்லை.

உள்ளே பரிசோதித்துப் பார்த்த மகப்பேறு மருத்துவர்தான் காரணத்தைச் சொன்னார். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்ததும் பெண்ணுறுப்பின் உட்சுவர் மெலிந்து வறண்டுவிடுகிறது. அங்கே அமிலத்தன்மையைக் காக்கும் லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல கிருமிகள் குறைய, 4.5-க்குள் இருந்த பி.எச். (அமில அளவு; எண் கூடினால் அமிலம் குறைவு) 5-ஐத் தாண்டுகிறது. குடல் கிருமிகள் எளிதாகக் குடியேறி, பக்கத்திலிருக்கும் சிறுநீர்ப் பாதைக்குள் நுழைந்துவிடுகின்றன. வறண்ட தோலே எரிவதும் உண்டு. சுத்தக்குறைவால் வருவதல்ல இது. அப்படி நினைத்துக்கொண்டு சோப்பும் கிருமிநாசினியும் போட்டுக் கழுவும் பெண்களை நினைத்தால் மனம் பதறுகிறது. வெளிப்புறத்துக்கு வெறும் தண்ணீர் போதும். உட்புறத்தைக் கழுவவே கூடாது.

எனக்கு எழுதிக்கொடுத்தது எஸ்ட்ரியால் க்ரீம்; எஸ்ட்ரியால் ஒரு வகை ஈஸ்ட்ரோஜன். முதல் இரண்டு வாரம் தினமும் இரவில், பிறகு வாரத்துக்கு இரண்டு முறை. கூடவே வரும் பிளாஸ்டிக் குழலில் வளையக் குறி வரை நிரப்பி, படுத்து முழங்காலை மடக்கிக்கொண்டு மெதுவாக உள்ளே செலுத்த வேண்டும். குழலை வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவலாம், கொதிநீர் கூடாது. காலையில் கொஞ்சம் வெள்ளையாகக் கசியும். அதுதான் எனக்குப் பெரிய தொல்லை.

முதல் சில நாட்கள் போட்டதும் லேசாக எரிந்தது. சில வாரங்களில் நடக்கும்போது உரசும் வலி போனது. தாம்பத்தியத்தில் இருந்த வலியும் மெல்லக் குறைந்தது. "இந்த வயதில் அது எதற்கு" என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. நீர்க்கடுப்பு அடிக்கடி வருவது நிற்கத்தான் சில மாதங்கள் ஆயின. 1993-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' வெளியிட்ட ஆய்வில், இந்த க்ரீமைப் போட்ட பெண்களுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 0.5 முறையும், மருந்தில்லாத க்ரீம் போட்டவர்களுக்கு 5.9 முறையும் சிறுநீர்த் தொற்று வந்திருக்கிறது. என் அனுபவமும் அந்தப் பக்கம்தான்.

குணமானதும் நிறுத்திவிடலாம் என்று தோன்றும். மாதவிலக்கு நிற்கும்போது உடம்பு தகிப்பது காலப்போக்கில் பலருக்கும் அடங்கிவிடும்; இந்த வறட்சி அப்படியல்ல, மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பி வரும். நான் மருத்துவரைக் கேட்டுத் தொடர்கிறேன்.

பெட்டிக்குள் இருக்கும் துண்டுச்சீட்டைப் படித்தால் பயமாக இருக்கும். ஹார்மோன் மாத்திரைகளுக்கான எச்சரிக்கைகள்தான் பெரும்பாலும் அதில் இருக்கின்றன. இந்த அளவு க்ரீமிலிருந்து ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. ஆனாலும் மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. அவர்களுக்கு ஹார்மோன் இல்லாத ஈரப்பதக் களிம்புகள் இருக்கின்றன. மாதவிலக்கு நின்று ஓராண்டுக்குப் பின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், க்ரீமைத் தொடங்கும் முன் கருப்பையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.