“எங்கிட்ட சொன்னதே போதும் சார்” – 87,500 ரூபாய் போன கதை

நேற்று மதியம் பேங்கிலிருந்து மெசேஜ் வந்தது: 92,500 ரூபாய் வரவு. நான் கொடுத்திருந்த அட்வான்ஸ் 1,80,000. மீதி 87,500 எங்கே என்று கேட்டதற்கு ஒரு பிடிஎஃப் அனுப்பியிருக்கிறார்கள். அதைப் படித்த சூட்டோடுதான் இதை எழுதுகிறேன். சொந்த வீடு வாங்கிக்கொண்டு வாடகை வீட்டைக் காலி செய்யப் போகிறவர்கள் முழுசாகப் படியுங்கள். என்னென்ன செய்ய வேண்டும் என்று கடைசியில் வரிசையாக எழுதுகிறேன்.

மடிப்பாக்கத்தில் ஆறு வருஷம் ஒரே வீடு. ஓனர் வெளிநாட்டில். முதல் மூன்று வருஷம் அவருடைய மாமனார்தான் வாடகை வாங்கினார், ஒரு தொல்லை இல்லை. அவருக்கு முடியாமல் போனதும் வீட்டை ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டார்கள். வாடகை வசூல், ரிப்பேர், புது ஆள் பிடிப்பது எல்லாம் ஆப் வழியாகச் செய்கிற வகை நிறுவனம். பெயர் போட மாட்டேன். போட்டால் முதல் வேலையாக எனக்குத்தான் வக்கீல் நோட்டீஸ் வரும்.

அட்வான்ஸ், மாமனார் காலத்தில் கொடுத்தது. 18,000 வாடகைக்குப் பத்து மாதம், 1,80,000. சென்னையில் வீடு தேடி அலைந்தவர்களுக்கு இது புதிதில்லை. 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், இரண்டு பேரும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டாலொழிய மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. அந்த ‘ஒப்புக்கொண்டாலொழிய’வில்தான் ஊரே ஓடிக்கொண்டிருக்கிறது. நிறுவனம் வந்ததும் பழைய அட்வான்ஸ் அவர்கள் கணக்குக்கு மாறியதாகப் புது அக்ரிமென்ட் போட்டார்கள். பதினான்கு பக்கம். நான் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்தேன், கையெழுத்துப் போட வேண்டிய இடம் அதுதான் என்பதால்.

எங்கள் ஏரியாவைப் பார்த்துக்கொள்ள ஒரு பையன் இருந்தான். நல்ல பையன், அதை இப்போதும் சொல்வேன். ஒரு தீபாவளிக்கு முந்தின ராத்திரி மோட்டார் எரிந்துபோய் மாடியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பத்து மணிக்கு மெக்கானிக்கைப் பைக்கில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டி வந்தான். அதிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தால் மோர் குடிக்காமல் போனதில்லை.

ஜூன் முதல் வாரம் மேடவாக்கம் பக்கம் ஒரு பழைய ஃபிளாட் முடிவானது. அந்தப் பையன் வேறு வேலையாக வந்திருந்தான். கேட்டருகே நின்றபடியே சொன்னேன்: “தம்பி, வீடு வாங்கிட்டோம். ஆடி முடிஞ்சதும் பத்திரம், ஆகஸ்ட் கடைசியில காலி பண்ணிடுவோம். நோட்டீஸ் ரெண்டு மாசம்தானே, எப்படிக் கொடுக்கணும்?” அவன் முகமெல்லாம் சிரிப்பு. “சூப்பர் சார், கங்கிராட்ஸ். எங்கிட்ட சொன்னதே போதும் சார், சிஸ்டத்துல நான் போட்டுடறேன்.” கை கொடுத்தான். உள்ளேயிருந்து மனைவி சர்க்கரை டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். 87,500 ரூபாய் போன இடம் அந்த கேட்தான்.

பத்திரச் செலவு உங்களுக்குத் தெரியும். முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 52 லட்சத்துக்கு 4,68,000. வீட்டுக் கடன் கொடுத்த பேங்க் இதைத் தலையில் ஏற்றிக்கொள்ளாது, கையிலிருந்துதான் போக வேண்டும். 1,80,000 குறைந்தது. மச்சானிடம் கைமாற்றாக வாங்கினேன். “அட்வான்ஸ் வந்த மறுநாள் உங்க அக்கவுண்ட்ல இருக்கும்” என்று வாக்குக் கொடுத்தேன். அவர் பெண்ணுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வைத்திருந்த பணம் அது.

ஆகஸ்ட் 6-ஆம் தேதி, எதற்கும் இருக்கட்டும் என்று கஸ்டமர் கேருக்குப் போன் செய்தேன். “உங்க வீட்டுக்கு நோட்டீஸ் எதுவும் வரலையே சார்.” பையன் பெயரைச் சொன்னேன். “அவர் இப்ப எங்க கம்பெனியில இல்ல சார்.” வாட்ஸ்அப்பில் அவனுக்கு நான் அனுப்பிய ‘ஆகஸ்ட் 31 காலி’ மெசேஜையும், கீழே அவன் போட்ட கட்டைவிரலையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன். “அது அவரோட பர்சனல் நம்பர் சார், நாங்க எடுத்துக்க முடியாது.” சரி என்று அன்றைக்கே ஆப்பில் போட்டேன். அப்போதுதான் தெரிந்தது, எந்தத் தேதியில் போட்டாலும் அடுத்த மாதம் 1-ஆம் தேதியிலிருந்துதான் நோட்டீஸ் கணக்காம். ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது. ஆக செப்டம்பர், அக்டோபர் இரண்டு மாத வாடகை, இப்போதைய 24,000 வீதம் 48,000. நான் இல்லாத வீட்டுக்கு.

ஆகஸ்ட் 31 சாவி கொடுக்கப் போனபோது வேறொருவர் வந்தார். செல்போன் டார்ச்சை அடித்துச் சுவர் சுவராகப் போட்டோ எடுத்தார். ஆணி ஓட்டைகளை எண்ணினார், பதினொன்று. ஹாலில் தினசரி காலண்டர் மாட்டியிருந்த ஆணி நாங்கள் குடி வருவதற்கு முன்பே அங்கே இருந்தது, யாரிடம் போய்ச் சொல்ல? பாத்ரூம் டைல்ஸில் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கிறதாம், அதற்கு ‘டீப் கிளீனிங்’. போர் தண்ணீரில் இருக்கிற உப்புக்கு நான் என்ன செய்வேன்?

இப்போது அந்த பிடிஎஃப். நோட்டீஸ் குறைவு 48,000. பெயிண்டிங் ஒரு மாத வாடகை, 24,000. டீப் கிளீனிங் 6,500. ‘இதர பழுது’ 9,000, என்ன பழுது என்று ஒரு வார்த்தை இல்லை. கூட்டினால் 87,500. பெயிண்டிங்குக்கு ஒரு மாதம் பிடிப்பது இங்கே பழக்கம்தான், அதைக்கூட மனசு ஆறி விட்டுவிடுவேன். ஆனால் போன வாரமே அதே வீடு 29,000 வாடகைக்கு ஆப்பில் வந்துவிட்டது. போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஹால் சுவரில் பழைய பெயிண்ட், நடுவில் அந்தக் காலண்டர் ஆணி.

காலி செய்து ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸ் திரும்ப வர வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. வந்தது 44-ஆவது நாள். அதற்குள் எத்தனை தடவை போன் செய்தேன் தெரியுமா? “ஃபைனான்ஸ் டீமுக்கு அனுப்பியாச்சு சார்.” “ஓனர் அப்ரூவல் வரணும் சார்.” “டிக்கெட் க்ளோஸ் ஆயிடுச்சு, புதுசா ஒண்ணு ரெய்ஸ் பண்ணுங்க சார்.” ஓனருக்கு நேராக எழுதினேன். எல்லாவற்றையும் கம்பெனிதான் பார்க்கிறது, என்னைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்று ஒரு வரி பதில். மச்சான் வாய் திறந்து கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மனைவிதான் வளையலைக் கழற்றிக் கொடுத்தாள், அடகு வைத்து அவருக்குக் கொடுத்தோம். புது வீட்டில் பால் காய்ச்சி ஒரு மாதம் ஆகவில்லை, கையில் கண்ணாடி வளையல்.

வரிசையாக எழுதுகிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. நோட்டீஸை எழுத்தில் கொடுங்கள், மெயிலும் அனுப்புங்கள், ஸ்பீடு போஸ்ட்டும் போடுங்கள், ஆப் இருந்தால் ஆப்பிலும். யாரிடமும் வாயால் சொல்லாதீர்கள், மோர் குடித்தவனாக இருந்தாலும். அக்ரிமென்ட்டில் நோட்டீஸ் என்கிற வார்த்தை வருகிற இடமெல்லாம் படியுங்கள். குடி போகிற அன்றே சுவரையும் பாத்ரூமையும் வீடியோ எடுத்து வையுங்கள். அட்வான்ஸை வரப்போகிற பணமாக எண்ணி வாக்குக் கொடுக்காதீர்கள். அக்ரிமென்ட்டை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள், நான் கேட்கவில்லை.

நாளை ஒரு வக்கீலைப் பார்க்கப் போகிறேன். வந்து பேசுவதற்கே ஆயிரம் ரூபாயாம். ஆக 88,500.